வீட்டுக் காலண்டரும் நெடுந்தூர ஓட்டமும்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் ஞாயிறு காலை ஓடி முடித்துக் காலணியைக் கழற்றும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்பார். பள்ளியில் ஆசிரியர் அறையிலும் கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்பார்கள். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை: வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு நெடுந்தூர ஓட்டத்துக்கு எப்படித் திட்டமிடுவது? நான் பயிற்சியாளர் இல்லை. மேல்நிலைப் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய், 11 ஆண்டுகளாக நெடுந்தூரம் ஓடி வருகிறேன். வாயால் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டீச்சர், நான் சும்மா தினமும் ஓடுகிறேன். ஆண்டுக்கு ஓர் இலக்கு என்று எதற்கு?

உடல்நலம் மட்டும் போதும் என்றால் இலக்கே வேண்டாம். வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் வேர்க்க ஓடினால் போதும், இந்தப் பக்கத்தை இத்துடன் மூடிவிடலாம்.

நெடுந்தூரம் ஓட வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு இலக்கு அவசியம். அது இல்லாவிட்டால் ஆசைக்கு எல்லை இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தால் நாமும் கொடுப்போம். மாதம் ஒரு ஞாயிறு போய் மூன்று ஞாயிறு ஆகும். 'இந்த ஆண்டு இது மட்டும்' என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், அந்த ஒன்றுக்காக எத்தனை வாரம் வீட்டில் இருக்க மாட்டோம் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். எனக்கு அந்தக் கணக்கு வேண்டும், வீட்டாருக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

எதை முதலில் முடிவு செய்ய வேண்டும்? பந்தயத்தையா, பயிற்சியையா?

இரண்டையும் இல்லை. முதலில் சமையலறைக் காலண்டரைக் கீழே இறக்குங்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மாமியாரின் கண் மருத்துவர் தேதி எல்லாம் இருக்கும். டிசம்பர் கடைசியில் புதுக் காலண்டர் வந்ததும் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து எழுதுவோம். பள்ளித் தேர்வுகள், கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, ஓணம், உறவினர் கல்யாணங்கள், என் கணவரின் ஷிப்ட். இவை எல்லாம் பேனாவால். மிச்சம் இருக்கும் வெள்ளை இடத்தில்தான் என் பந்தயம் வரும், அதுவும் பென்சிலால். ஏன் பென்சில் என்பதைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக் காலண்டர் வேறு மாதிரி இருக்கும். சின்னமுட்டத்தில் விசைப்படகு வைத்திருப்பவருக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல், இரண்டு ஓய்வுக்காலம்! குளச்சல்காரர் சின்னமுட்டத்து நண்பரின் பயிற்சித் திட்டத்தை அப்படியே வாங்கிக்கொண்டால் நடுவழியில் நின்றுவிடுவார்.

ஆண்டுக்கு எத்தனை பந்தயம் ஓடலாம்?

பெரியது ஒன்று. அதற்கு ஒத்திகையாகச் சிறியவை இரண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓடுவதையே வேலையாகக் கொண்ட எலியூட் கிப்சோகே, 2013இல் மாரத்தானுக்கு வந்த பிறகு ஆண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு மாரத்தான்தான் ஓடினார். சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கும் போகிற நாம் நான்கு ஓட ஆசைப்படுவது நியாயமில்லை.

முழு மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதற்கு 16 முதல் 20 வாரப் பயிற்சி வேண்டும், முடிந்தபின் உடல் தேற மூன்று நான்கு வாரம் வேண்டும். ஒன்றுக்கே ஆண்டில் பாதி போய்விடும்.

நம் ஊரில் எந்த மாதங்கள் பயிற்சிக்கு ஏற்றவை?

மழை நமக்கு இரண்டு முறை வருகிறது: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மழையில் ஓடலாம், இடியில் ஓடக் கூடாது. தென்மேற்குக் காலத்தில் தோவாளைப் பக்கம் ஓடுகிறவர்களும் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் காற்றைக் கணக்கில் வைக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போகும்போது காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். நம் கால்தான் வலுத்துவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். அந்த மாதங்களில் முதலில் எதிர்காற்றில் போய், காற்றோடு திரும்பும்படி வழியை அமையுங்கள். சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேருவதும் குடும்பக் கணக்கில் சேர்ந்ததுதான்.

ஒரு முக்கியமான விஷயம். சென்னை மாரத்தான் வழக்கமாக ஜனவரி தொடக்கத்தில் வரும், மும்பை மாரத்தான் ஜனவரி மூன்றாம் ஞாயிறு. இரண்டுக்கும் மிக நீண்ட ஓட்டங்கள் விழுவது டிசம்பரில். அரையாண்டுத் தேர்வு, சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் திருவிழா எல்லாம் நெருக்கியடித்து வரும் வாரங்கள் அவை, மழை வேறு. பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்கள் ஜனவரியில் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள். அதற்கான 18 கிலோமீட்டர் பயிற்சி ஓட்டத்தை அந்த மாதத்தில் நுழைத்துவிடலாம். முழு மாரத்தானுக்கான 32 கிலோமீட்டரை நுழைக்க வீட்டில் யாராவது ஒருவர் விலை கொடுக்க வேண்டிவரும்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேண்டும்? நான் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவன், விடியற்காலை எனக்குக் கிடைக்காது.

அரை மாரத்தானுக்கு வாரம் 4 முதல் 5 மணி நேரம், முழு மாரத்தானுக்கு 6 முதல் 8. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த முழு அயர்ன்மேனுக்கு 10 மணி நேரத்துக்கு மேல். ஓடும் நேரம் மட்டும்தான் இது. குளியல், துணி, பயணம், மதியத் தூக்கம் எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மடங்கு என்று வீட்டில் சொல்லுங்கள். குறைத்துச் சொல்லிச் சம்மதம் வாங்காதீர்கள்.

பால்வெட்டும் நண்பருக்கு: இருட்டில் தலைவிளக்கோடு மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்கும் நீங்கள் ஏற்கெனவே காலை முழுவதும் காலில் நிற்கிறவர். அதையும் பயிற்சியில் பாதியாகவே நான் எண்ணுவேன். வாரத்தில் மூன்று மாலை ஓடினால் போதும். ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் மாசி, பங்குனி வாரங்களில்தான் உங்களுக்கு விடியற்காலை சும்மா கிடைக்கும். நீண்ட ஓட்டங்களை அங்கே வையுங்கள். அப்படியானால் உங்கள் பெரிய பந்தயம் கோடையின் தொடக்கத்தில் வரும். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்குவது எப்படி? கேட்டாலே சண்டை வருகிறது.

பென்சில் கதையை இங்கே சொல்கிறேன். ஓர் ஆண்டு ஆகஸ்டில், எல்லோரும் தூங்கிய பிறகு கைப்பேசியில் முழு மாரத்தானுக்குப் பணம் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலண்டரில் ஜனவரி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவப்பு மையால் கிலோமீட்டர் எழுதினேன். நவம்பரில் ஒரு ஞாயிறு 28 கிலோமீட்டர் முடித்து வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி எடுத்துத் திறந்தேன். மேசையில் தோசை, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து. தண்ணீர் குடித்துக்கொண்டே காலண்டரைப் பார்த்தேன். அன்றைய கட்டத்தில் '28' என்ற என் சிவப்பு எழுத்துக்கு அடியில் மெல்லிய பென்சில் கோடு தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், 'பாட்டுப் போட்டி 9 மணி' என்று என் மகள் எழுதியிருந்தாள். நான் எழுதுவதற்கு எத்தனையோ நாள் முன்பே எழுதியிருக்கிறாள். அதன் மேலேயே நான் எழுதியிருக்கிறேன்.

அன்று அவள் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. அடுத்த ஆண்டிலிருந்து பேனா அவர்களுக்கு, பென்சில் எனக்கு.

சம்மதம் கேட்கும் முறைக்கு வருகிறேன். பணம் கட்டும் முன் கேளுங்கள், கட்டிய பின் கேட்பது வெறும் அறிவிப்பு. 'மாரத்தான் ஓடட்டுமா' என்று கேட்காதீர்கள். 'செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை ஞாயிறு காலை 9 மணி வரை நான் இருக்க மாட்டேன், புதன் காலை 6 வரை இருக்க மாட்டேன், அந்த நேரத்தில் என் வேலையை யார் பார்ப்பது, அதற்கு ஈடாக நான் எதை எடுத்துக்கொள்வது' என்று கேளுங்கள். என் வீட்டில் ஈடு இதுதான்: சனிக்கிழமை முழுவதும் என் கணவருக்கு. அவர் திற்பரப்பு அருவிக்குப் போனாலும் சரி, தூங்கினாலும் சரி, நான் கேட்பதில்லை.

நானும் என் மனைவியும் இருவரும் ஓடுகிறோம். பெரிய பந்தயம் யாருக்கு?

ஓர் ஆண்டு அவருக்கு, மறு ஆண்டு உங்களுக்கு. முதல் ஆண்டை அவருக்குக் கொடுங்கள்.

என் கணவர் சவுதியில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். எனக்கு இதெல்லாம் நடக்குமா அக்கா?

நடக்கும், தூரத்தைக் குறைத்துக்கொண்டால். உங்களைப் போலவே உள்ள இன்னொரு பெண்ணைத் தெருவில் தேடுங்கள். அவர் 45 நிமிடம் ஓடும்போது நான்கு பிள்ளைகளும் உங்கள் வீட்டில், நீங்கள் ஓடும்போது அவர் வீட்டில். தக்கலைப் பக்கம் இரண்டு பெண்கள் இப்படித்தான் 10 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தயாரானார்கள். பிள்ளைகள் வளர்ந்திருந்தால் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள், அவர்கள் சைக்கிள் ஓட்டட்டும்.

கணவர் விடுப்பில் வரும் மாதத்தில் பந்தயமும் வைக்காதீர்கள், நீண்ட பயிற்சியும் வைக்காதீர்கள். அது உங்கள் ஓய்வு மாதம். அவர் போன மறுவாரம் மனம் கனத்திருக்கும்போது தொடங்க ஒரு திட்டம் கையில் இருப்பது நல்லது என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பெண்கள் இருட்டில் எப்படி ஓடுவது? நாய், குடிகாரர், லாரி எல்லாம் இருக்கிறதே.

இந்தப் பயம் சரியான பயம். தனியாகப் போகாதீர்கள், மூன்று பேராவது சேருங்கள். வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் சாலைகள் ஏற்ற இறக்கத்தோடு வளைந்து வளைந்து போகும், ஓரமும் குறுகல். அங்கே எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கம் ஓடுங்கள், ஒளி பட்டால் மின்னும் சட்டை போடுங்கள். விடியும்வரை பள்ளி மைதானத்தையோ கோயில் தேரோடும் வீதியையோ சுற்றிவிட்டு, வெளிச்சம் வந்ததும் சாலைக்குப் போகலாம்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று மெல்ல நடங்கள். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். பல் லேசாகப் பட்டது என்று விடாதீர்கள்.

நம் சாப்பாட்டை வைத்து மாரத்தான் ஓட முடியுமா? மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும்தான் எங்கள் வீட்டில்.

தாராளமாக முடியும். மரச்சீனி நல்ல மாவுச்சத்து, மீன் நல்ல புரதம். ஓட்டத்துக்கு முந்தின இரவு மட்டும் காரத்தையும் தேங்காயையும் குறையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நான் மட்டி வாழைப்பழத்தைச் சின்னப் பையில் எடுத்துப் போவேன். நம் மாவட்டத்து மட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிறிய பழம், இரண்டு கடியில் முடிந்துவிடும், வயிற்றில் நிற்காது. கருப்பட்டித் துண்டும் உதவும். பிள்ளைகளுக்கு ஒரு சமையல், உங்களுக்கு ஒரு சமையல் என்று வைக்காதீர்கள், அடுப்படியில் இருப்பவரின் பொறுமைக்கும் அளவு உண்டு.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை அதிகம், ஆகவே உப்பும் சேரட்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் ஓட்டம் முடிந்ததும் அருமருந்து. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், சிறுநீரகத்துக்குக் கேடு.

சிவாலய ஓட்டம் ஓடுகிற எனக்கு மாரத்தான் எல்லாம் என்ன பெரிய விஷயம்?

உங்கள் கால்களை நான் வணங்குகிறேன். சிவராத்திரிக்கு முன்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை என்று 12 சிவாலயங்களைத் தொட்டுத் திருநட்டாலத்தில் முடிக்கிறீர்கள். 'கோவிந்தா கோபாலா' என்று சொல்லிக்கொண்டு, கையில் பனையோலை விசிறியோடு 100 கிலோமீட்டருக்கு மேல். நெடுந்தூர ஓட்டம் இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் இரண்டும் வேறு. நீங்கள் ஓடியும் நடந்தும், கோயிலுக்குக் கோயில் நின்றும் போகிறீர்கள். மாரத்தானில் நான்கு ஐந்து மணி நேரம் ஒரே சீராகத் தார்ச்சாலையில் அடி விழும், முழங்கால் அதற்குத் தனியாகப் பழக வேண்டும். சிவராத்திரி முடிந்து ஒரு மாதம் கழித்தே மாரத்தான் பயிற்சியைத் தொடங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் விரதம் எடுத்தால் வீட்டு அடுப்பும் விரதம் எடுக்கிறது. உங்கள் அம்மாவோ மனைவியோ அதற்கேற்றபடி சமைக்கிறார்கள், திரும்பும்வரை விழித்திருக்கிறார்கள். வீடே சேர்ந்து ஓடுவதால்தான் அந்த ஓட்டத்தால் எந்த வீட்டிலும் சண்டை வருவதில்லை. மாரத்தானுக்கும் அப்படி ஒரு வழியைக் கண்டுபிடியுங்கள். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி ஏறக்குறைய அரை மாரத்தான் தூரம். வீட்டார் பஸ்ஸில் வரட்டும், நீங்கள் ஓடிப் போங்கள். கடற்கரையில் சேர்ந்து காலைப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஒன்றாகத் திரும்பலாம். என் மகன் இதை 'அம்மாவை ஜெயிக்கும் பஸ்' என்று சொல்வான். மாதம் ஒருமுறை அவனே நினைவூட்டுகிறான்.

சைக்கிளில் 200, 300 கிலோமீட்டர் போகிறார்களே, அது ஓட்டத்தைவிடக் குடும்பத்துக்கு எளிதா?

முழங்காலுக்கு எளிது, குடும்பத்துக்குக் கடினம். பி.ஆர்.எம். என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் பயணங்களில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம் வரம்பு. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் 'சூப்பர் ரேண்டனர்' பட்டம். பருவம் நவம்பரில் தொடங்கி அக்டோபரில் முடியும். பட்டத்துக்கு ஆசைப்படுகிறவர் நான்கு வார இறுதிகளையும் அவற்றில் சில இரவுகளையும் கேட்கிறார். முதல் ஆண்டில் 200 மட்டும் போதும். பிரான்ஸில் நடக்கும் நெடுந்தூர சைக்கிள் பயணமான பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் கனவு உள்ளவர்களுக்கு, அது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. 2023இல் நடந்தது, அடுத்தது 2027. அப்படிப்பட்ட கனவை வீட்டில் நான்கு ஆண்டுத் திட்டமாகவே பேச வேண்டும்.

குழந்தை பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த ஆண்டே பந்தயம் ஓட ஆசை.

பிரசவத்துக்குப் பிறகு ஓட்டத்துக்குத் திரும்பக் குறைந்தது 3 மாதம் ஆக வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். அறுவை சிகிச்சை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அடிவயிறு கனப்பது, சிறுநீர் கசிவது, கசிவோடு வலி இருப்பது எல்லாம் 'பொறு' என்று உடல் சொல்லும் மொழி. மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், இரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பால் கொடுத்துவிட்டு ஓடினால் உங்களுக்கும் எளிது. இந்த ஆண்டு இலக்கைக் கிலோமீட்டரில் வைக்காதீர்கள். வாரம் மூன்று நாள் வெளியே போய் வருவதுதான் இலக்கு.

அப்பாவுக்கு 58 வயது. இப்போது ஓட ஆரம்பிக்கிறேன் என்கிறார். தடுக்கவா?

தடுக்காதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. மூன்றும் பார்த்த பிறகு நடையில் தொடங்கட்டும். பௌஜா சிங் 89 வயதில் ஓட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, 2011இல் 100 வயதில் டொரோண்டோ மாரத்தானை முடித்தார். 2025 ஜூலையில் பஞ்சாபில் தம் ஊருக்கருகே சாலையில் வாகனம் மோதி இறந்தார். அப்பாவின் இதயத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்குச் சாலையைப் பற்றியும் கவலைப்படுங்கள். மேலே பெண்களுக்குச் சொன்ன பாதுகாப்பு முழுவதும் அவருக்கும் பொருந்தும்.

செலவு எவ்வளவு ஆகும்?

காலணிதான் பெரிய செலவு. ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் தாங்கும். அதற்குமேல் வெளியூர்ப் பந்தயம் என்றால் ரயிலும் தங்குமிடமும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அந்தத் தேதியையும் காலண்டரில் எழுதுங்கள். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் எழும்பூர். பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் காலணி வாங்காதீர்கள்.

எல்லாம் திட்டமிட்டு நடுவில் காய்ச்சலோ துக்கமோ வந்துவிட்டால்?

ஒரு வாரம் போனால் திட்டத்தை அப்படியே தொடருங்கள், விட்டதைப் பிடிக்க ஓடாதீர்கள். மூன்று வாரம் போனால் தூரத்தைக் குறையுங்கள், பல பந்தயங்களில் முழு மாரத்தானிலிருந்து அரைக்கு மாற ஒரு கடைசித் தேதி வரை அனுமதி உண்டு. வீட்டில் துக்கம் என்றால் பென்சிலை அழித்துவிடுங்கள். என் மாமனார் இறந்த ஆண்டு நான் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. கட்டிய பணம் போனதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

பந்தயத்தை முடிக்க எனக்கு ஆகும் நேரம் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறது, சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது. எதை விடுவது?

இதைக் கேட்டவர் குழித்துறைப் பக்கத்து நண்பர். ஞாயிறு நீண்ட ஓட்டத்தை விட்டுவிடட்டுமா என்றார். எதையும் விடும் முன் மனைவியிடம் போய், 'எந்த நேரம் உனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் வரும்வரை வாய் திறக்காதீர்கள் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து வந்தார். மனைவிக்கு ஞாயிறு காலையில் ஒரு வருத்தமும் இல்லையாம், அவர் அந்நேரம் கோயிலுக்குப் போய் அம்மா வீட்டையும் எட்டிப் பார்த்துவிடுகிறார். கஷ்டம் இரவு எட்டு முதல் ஒன்பதுவரை. சாப்பாட்டு மேசையில் இவர் கைக்கடிகாரக் கணக்கைக் கைப்பேசியில் புரட்டிக்கொண்டிருப்பார், யாருடைய வேகம் என்ன என்று நண்பர்களுக்கு எழுதிக்கொண்டிருப்பார். பிள்ளை ஏதாவது கேட்டால் 'ம்' என்பார். ஓடாத நேரத்திலும் ஓடிக்கொண்டிருந்தார். இப்போது எட்டு மணிக்குக் கைப்பேசியை அரிசிப் பானை மூடிமேல் வைத்துவிடுகிறார். ஞாயிறு ஓட்டம் அப்படியே நடக்கிறது.